ஒரு பழைய பேஸ் கிட்டாருக்கு எத்தனை வயசு?

பழைய பேஸ் கிட்டார் விற்கும் இணைய விளம்பரங்களை ஒரு வருஷமாக வாசித்து வருகிறேன். வாங்கும் எண்ணத்தில்தான் ஆரம்பித்தேன். போகப்போக வாசிப்பதே ஒரு வேலையாகிவிட்டது. எந்த ஊர் விளம்பரமானாலும் சில சொற்கள் தவறாமல் வரும்: 'விண்டேஜ்', 'ஆல் ஒரிஜினல்', 'ப்ரீ-சிபிஎஸ்', 'லாசூட் எரா'. இவை சும்மா அலங்காரத்துக்கு வருவதில்லை. ஒவ்வொரு சொல்லும் விலையை ஒரு படி ஏற்றுகிறது. ஒரே நிறுவனம், ஒரே வடிவம், கிட்டத்தட்ட அதே மரம். ஆனால் ஒன்று 1964, இன்னொன்று 1974 என்றால் முன்னதற்கு இரண்டு மூன்று மடங்கு கேட்கிறார்கள். கண்ணைக் கட்டிவிட்டு வாசித்துக் காட்டினால் எத்தனை பேர் வித்தியாசம் கண்டுபிடிப்பார்கள்?

ஆக, மரத்தையும் கம்பியையும் தாண்டி இங்கே விற்பனைக்கு வருவது ஒரு தேதி. அப்படியென்றால் அந்தத் தேதியை யார் சொல்கிறார்கள், எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று கேட்க வேண்டும். வரலாறு படிக்கிறவர்கள் தினமும் கேட்கும் கேள்விதான் இது. அதனால் இந்தக் குறிப்புகளை இங்கே எழுதி வைக்கிறேன். பேசப்போவது பெரும்பாலும் ஒரே குடும்பத்தைப் பற்றி: ஃபெண்டர் ப்ரிசிஷன் பேஸ், அதன் தம்பி ஜாஸ் பேஸ், ஜப்பானில் பிறந்த அவற்றின் பங்காளிகள்.

ரேடியோ மெக்கானிக் செய்த வாத்தியம்

லியோ ஃபெண்டருக்கு கிட்டார் வாசிக்கத் தெரியாது. கணக்கியல் படித்தவர், கணக்கெழுதும் வேலை பார்த்தவர். 1938இல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை போட்டார். வாத்தியக்காரர்கள் பழுதான ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு அவர் கடைக்கு வருவார்கள். அவர்களுடைய புலம்பல்களைக் கேட்டுக்கேட்டுத்தான் அவர் கருவி செய்யக் கற்றுக்கொண்டார்.

அப்படி ஒரு புலம்பல் டபுள் பேஸைப் பற்றியது. ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும், காரில் ஏறாது. மின்கிட்டாரும் ட்ரம்ஸும் சேர்ந்துவிட்டால் அதன் சத்தம் காதில் விழாது. கழுத்தில் ஃப்ரெட் கிடையாது. அதனால் விரல் கொஞ்சம் தள்ளி விழுந்தாலும் சுருதி விலகும். 1951இல் ஃபெண்டர் கொண்டுவந்த ப்ரிசிஷன் பேஸ் மூன்றுக்கும் பதில் சொன்னது. தோளில் மாட்டிக்கொள்ளலாம், ஆம்ப்ளிஃபயரில் செருகலாம், ஃப்ரெட் இருப்பதால் விரல் வைத்த இடத்தில் சுருதி நிற்கும். 'ப்ரிசிஷன்' என்ற பெயர் வந்தது அதனால்தான். அன்று அவர் வைத்த 34 அங்குலத் தந்தி நீளம்தான் இன்றுவரை பேஸ் கிட்டார்களுக்குப் பொது அளவு.

முதல் மின் பேஸ் இதுதானா என்றால், இல்லை. சியாட்டில் நகரத்தில் பால் டட்மார்க் என்பவர் 1930களிலேயே ஆடியோவாக்ஸ் 736 என்ற பெயரில் ஃப்ரெட் வைத்த மின் பேஸ் செய்து விற்றார். விரல்விட்டு எண்ணும்படிதான் மிஞ்சியிருக்கின்றன. அதில் ஒன்று 2018இல் ஈபே தளத்தில் 23,000 டாலருக்கு மேல் விலைபோனது. ஆனால் உலகம் பிடித்துக்கொண்டது ஃபெண்டரைத்தான். 1950களின் தொடக்கத்தில் லயனல் ஹாம்ப்டன் குழுவில் மங்க் மான்ட்கோமரி இதை வாசித்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார். நாம் எந்த நகலையும் 'ஜெராக்ஸ்' என்கிற மாதிரி, அமெரிக்க ஒலிப்பதிவுக் கூடங்களில் எந்த மின் பேஸையும் 'ஃபெண்டர் பேஸ்' என்று சொல்லும் பழக்கம் ரொம்ப நாள் இருந்தது.

இந்தக் கதையில் நமக்கு முக்கியமானது ஒரு சின்ன விஷயம். அதுவரை நல்ல கிட்டார் என்றால் கழுத்தை உடம்போடு பசை வைத்து ஒட்டுவார்கள். லியோ நாலு ஸ்க்ரூ போட்டு முடுக்கினார். கழுத்து வளைந்தால் கழற்று, வேறொன்று மாட்டு. பிக்கப் போனால் மாற்று. ஃப்ரெட் தேய்ந்தால் கழுத்தையே பெட்டியில் போட்டுத் தொழிற்சாலைக்கு அனுப்பு. ரிப்பேர் கடைக்காரர் புத்தி! பாகம் மாற்றுவதற்கென்றே வடிவமைக்கப்பட்ட வாத்தியம் இது. இன்றைய சந்தையோ பாகம் மாறாமல் இருப்பதற்குத்தான் காசு கொடுக்கிறது. இந்த முரண்பாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரியும்.

1965: ஒரு கையெழுத்து, இரண்டு விலை

1965 ஜனவரியில் ஃபெண்டர் நிறுவனம் சிபிஎஸ் ஒளிபரப்பு நிறுவனத்தின் கைக்குப் போனது. விலை 1 கோடியே 30 லட்சம் டாலர். அதற்கு முந்தின வருஷம்தான் சிபிஎஸ் நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணியில் 80 சதவீதத்தை 1 கோடியே 12 லட்சம் டாலருக்கு வாங்கியிருந்தது. கிட்டார் கம்பெனிக்கு அதைவிட அதிகம் கொடுத்தார்கள். லியோ உடம்பு சரியில்லாமல் இருந்ததால் விற்றார்.

அதற்குப் பிறகு உற்பத்தி பெருகியது. செலவைக் குறைத்தார்கள். 1960களின் கடைசியில் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு போய்த் தடித்த பாலியெஸ்டர் பூச்சு வந்தது. 1970களில் உடம்பு கனத்தது, மர வேலையில் இடைவெளி தெரிந்தது. வாத்தியக்காரர்கள் முணுமுணுத்தார்கள். அந்த முணுமுணுப்பில் பிறந்த சொல்தான் 'ப்ரீ-சிபிஎஸ்'.

முணுமுணுப்பில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் தரம் ஒரே நாளில் இறங்கவில்லை. 1965 ஜனவரிக்கு முந்தின வாரம் வேலை செய்த அதே ஆட்கள், அதே இயந்திரம், அதே மரக்குவியல்தான் அடுத்த வாரமும். விலைப்பட்டியலில் மட்டும் அந்த ஜனவரி ஒரு சுவர் மாதிரி நிற்கிறது. ஒப்பந்தத்தில் விழுந்த கையெழுத்தின் தேதியை மரத்தின் தரத்துக்கு அளவுகோலாக வைத்துவிட்டார்கள்.

இன்னொரு வேடிக்கை. லியோ அதோடு ஓய்ந்துவிடவில்லை. 1976இல் மியூசிக் மேன் ஸ்டிங்ரே பேஸை வடிவமைத்தார். 1980 வாக்கில் ஜி அண்ட் எல் நிறுவனத்தைத் தொடங்கி, 1991இல் இறக்கும்வரை அங்கேயே வேலை பார்த்தார். தான் செய்ததிலேயே சிறந்தவை ஜி அண்ட் எல் கருவிகள்தான் என்பது அவர் எண்ணம். செய்தவரே சொன்ன பிறகும் சந்தை கேட்கவில்லை. 1980களின் ஜி அண்ட் எல் பேஸ் ஒன்று, அவருடைய 1962 பேஸின் விலையில் ஒரு சின்னப் பங்குக்குக் கிடைக்கிறது. நல்ல பேஸ் வேண்டும், பழம்பெருமை வேண்டாம் என்கிறவர்களுக்கு இது நல்ல சேதி.

சாட்சிகளை விசாரிப்பது

சரி, விளம்பரத்தில் '1966 ஜாஸ் பேஸ், ஆல் ஒரிஜினல்' என்று போட்டிருக்கிறது. எப்படி நம்புவது?

எல்லோரும் முதலில் பார்ப்பது சீரியல் எண்ணை. ஆனால் இருப்பதிலேயே பலவீனமான சாட்சி அதுதான். 1976 வரைக்கும் எண் கருவியின் மரத்தில் இல்லை. கழுத்தைப் பிடித்திருக்கும் உலோகத் தகட்டில்தான் அடித்திருந்தார்கள் (ஆரம்ப வருஷங்களில் பிரிட்ஜில்). தகடுகளை ஒரு பெட்டியில் கொட்டி வைத்து, கைக்கு வந்ததை எடுத்து மாட்டினார்கள். வரிசை எதுவும் பார்க்கவில்லை. அதனால் ஒரே காலத்துக் கருவிகளில் எண்கள் முன்னும் பின்னுமாக இருக்கும். போதாததற்கு, தகட்டை நாலு ஸ்க்ரூ கழற்றி வேறொரு கிட்டாரில் மாட்ட இரண்டு நிமிஷம் போதும். 1976க்குப் பிறகு எண் ஹெட்ஸ்டாக்குக்குப் போனது. எஸ் என்றால் எழுபதுகள், ஈ என்றால் எண்பதுகள். அங்கேயும் ஒழுங்கில்லை. முன்கூட்டியே அச்சடித்த ஸ்டிக்கர் மிஞ்சினால் அடுத்தடுத்த வருஷங்களுக்கும் அதையே ஒட்டினார்கள். ஈ4 என்று தொடங்கும் எண்கள் 1987 கருவிகளிலும் இருக்கின்றன.

இரண்டாவது சாட்சி கழுத்தின் அடிப்பகுதி. கழுத்தைக் கழற்றினால்தான் தெரியும். 1950களில் பென்சிலால் தேதி எழுதினார்கள். 1962இலிருந்து ரப்பர் ஸ்டாம்ப். '7 நவம்பர் 66 பி' என்று இருந்தால் பலரும் நவம்பர் ஏழாம் தேதி என்று படித்துவிடுகிறார்கள். இல்லை. 7 என்பது ஜாஸ் பேஸுக்கான குறியீட்டு எண். ப்ரிசிஷனுக்கு 5. கடைசி எழுத்து கழுத்தின் அகலம். ஆக அது சொல்வது மாதமும் ஆண்டும் மட்டும்தான். அதுவும் அந்தக் கழுத்து செய்யப்பட்ட மாதம். முழு கிட்டாரும் பிறந்த மாதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

மூன்றாவது சாட்சி எனக்குப் பிடித்தது: பாட். சத்தத்தையும் தொனியையும் கூட்டிக் குறைக்கத் திருகுகிறோமே, அந்தக் குமிழுக்கு அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர். அமெரிக்க உதிரிபாகங்களின் முதுகில் ஓர் எண் குத்தியிருக்கும். உதாரணத்துக்கு 3046632. முதல் மூன்று இலக்கம் தயாரிப்பாளர்: 304 என்றால் ஸ்டாக்போல், 137 என்றால் சிடிஎஸ். அடுத்த இரண்டு ஆண்டு: 1966. கடைசி இரண்டு வாரம்: 32, அதாவது ஆகஸ்ட். ஆறு இலக்கமே இருந்தால் ஆண்டுக்கு ஓர் இலக்கம்தான். அது 1956ஆ 1966ஆ என்று மற்ற அடையாளங்களை வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

இந்தச் சாட்சி பொய் சொல்லாது. ஆனால் கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில்தான் சொல்லும். 1966 ஆகஸ்டில் செய்த பாட் உள்ளே இருந்தால், கிட்டார் அதற்கு முன்னால் பிறந்திருக்க முடியாது (பாட் மாற்றப்படவில்லை என்றால்). எவ்வளவு பின்னால் என்று அது சொல்லாது. புதிய முதலாளிகள் 1966இல் பாட்களை மொத்தமாக வாங்கிக் குவித்துவிட்டார்கள். அந்தக் குவியல் தீரப் பல வருஷம் ஆனது. அதனால் 1960களின் கடைசியில் செய்த எத்தனையோ ஃபெண்டர்களுக்குள் 1966 பாட்கள் உட்கார்ந்திருக்கின்றன. 'பாட் எண் 66, அதனால் கிட்டார் 66' என்று விளம்பரத்தில் பார்த்தால் ஒரு புன்னகையோடு அடுத்த கேள்விக்குப் போக வேண்டும்.

நான்காவது சாட்சி சால்டர். தொழிற்சாலைச் சால்டர் மங்கி, மழமழவென்று ஒரே மாதிரி இருக்கும். பின்னால் யாராவது கைவைத்திருந்தால் பளபளப்பு, கருகிய ஒயர், புது நிற இன்சுலேஷன் ஏதாவது ஒன்று காட்டிக்கொடுக்கும். சால்டர் கலையாமல் இருந்தால்தான் பாட் சொல்லும் சாட்சியத்துக்கே மதிப்பு.

இதெல்லாம் கல்வெட்டு படிக்கிறவர்களுக்குப் பழகிய சங்கதி. கல்வெட்டில் ஆட்சியாண்டு ஒன்று சொல்லும், எழுத்தின் அமைதி இன்னொன்று சொல்லும், கல் பதித்திருக்கும் சுவர் மூன்றாவதாக ஒன்று சொல்லும். எல்லாம் ஒத்துப்போனால் நிம்மதி. ஒத்துப்போகவில்லை என்றால் அங்கேதான் ஆராய்ச்சியே ஆரம்பம். கிட்டாரில் அது பேரத்தின் ஆரம்பம்.

படியும் போலியும்

திருக்கோடிக்காவல் கோயிலைச் செம்பியன் மாதேவி கற்றளியாகப் புதுப்பித்தபோது, பழைய கற்களில் இருந்த கல்வெட்டுகளைப் புதுச் சுவரில் படியெடுத்து வெட்ட வைத்தார். பழைய கல்லிலிருந்து எடுத்த படி என்று சொல்லியே வெட்டினார்கள். எழுத்து பத்தாம் நூற்றாண்டினுடையது, செய்தி அதற்கு முந்தையது. அது போலி ஆகாது. தன்னைப் படி என்று ஒப்புக்கொண்ட படி.

கிட்டார் உலகத்திலும் இப்படிப் படிகள் உண்டு. 1982இல் ஃபெண்டரே தன் 1957, 1962 மாடல்களை 'ரீஇஷ்யூ' என்று மறுபடி செய்தது. 1990களின் நடுவில் 'ரெலிக்' என்ற பெயரில் புதுக் கிட்டாரையே தேய்த்துக் கீறிப் பழசாக்கி விற்கவும் தொடங்கியது. பழசு மாதிரி தெரிவதற்குக் கூடுதல் காசு! ஆனால் அது என்ன என்று சொல்லித்தான் விற்றார்கள். ஆபத்து அடுத்த கையில் இருக்கிறது. ஸ்டிக்கரை மாற்றி, தகட்டை மாற்றி, 'என் மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது' என்று ஒரு கதையும் சேர்த்துவிட்டால் படி போலியாகிவிடும்.

நம் ஊரில் இந்த மாமா கதைக்கு ஒரு நியாயமும் உண்டு. 1991க்கு முன் இறக்குமதி உரிமம், வரி என்று எத்தனையோ கெடுபிடி. வெளிநாட்டு வாத்தியங்கள் பலவும் பயணிகளின் பெட்டியோடு வந்தவைதான். இளையராஜாவின் பாட்டுகளில் பேஸ் கிட்டார் தனியாக ஒரு பாட்டைப் பாடிக்கொண்டே போகுமே, அந்தக் காலத்தில் இங்கே அதை வாசிக்க ஆசைப்பட்டவர்களுக்குக் கருவி கிடைப்பதே பெரும்பாடு. ரசீதெல்லாம் யார் வைத்திருந்தார்கள்? அதனால் காகிதம் இல்லை என்பதாலேயே பொய் என்று சொல்லிவிட முடியாது. காகிதம் இல்லாதபோது மரத்தை இன்னும் கவனமாக விசாரிக்க வேண்டும், அவ்வளவுதான்.

'லாசூட்' என்ற மந்திரச் சொல்

விளம்பரங்களில் அதிகம் துஷ்பிரயோகமாகும் சொல் இதுதான். நடந்தது இவ்வளவே: 1977இல் கிப்ஸனின் தாய் நிறுவனமான நார்லின், ஜப்பானிய ஐபனீஸ் கிட்டார்களை அமெரிக்காவில் விற்ற எல்ஜர் நிறுவனத்தின் மீது ஃபிலடெல்ஃபியாவில் வழக்குப் போட்டது. புகார், ஹெட்ஸ்டாக்கின் வடிவம் தங்களுடையது என்று. அடுத்த வருஷம் இரு தரப்பும் சமரசமாகப் போய்விட்டார்கள். வழக்கு போட்டது கிப்ஸன் தரப்பு, போடப்பட்டது ஒரே ஒரு விநியோகஸ்தர் மீது. ஃபெண்டருக்கு அதில் வேலையே இல்லை.

இன்றோ 1970களில் ஜப்பானில் செய்த எந்தக் கம்பெனி நகலாக இருந்தாலும், அது ஃபெண்டர் மாதிரி இருந்தாலும், 'லாசூட் எரா' என்று எழுதிவிடுகிறார்கள். நீதிமன்றம் வரை போகும் அளவுக்குத் தத்ரூபம் என்ற எண்ணம் வாங்குகிறவர் மனதில் விழ வேண்டும், அதற்குத்தான். அந்தக் காலத்து ஜப்பானிய நகல்களில் அருமையானவையும் உண்டு, ஒட்டுப்பலகையில் செய்த மட்டமானவையும் உண்டு. அந்தச் சொல் இரண்டையும் பிரித்துக் காட்டாது.

அந்த நகல்களின் தரத்தைப் பார்த்த ஃபெண்டர் என்ன செய்தது? 1982இல் காண்டா ஷோகாய், யாமானோ கக்கி என்ற இரண்டு ஜப்பானிய வியாபார நிறுவனங்களோடு சேர்ந்து ஃபெண்டர் ஜப்பானைத் தொடங்கியது. தயாரிப்பு மாட்சுமோட்டோ நகரத்தின் ஃபூஜிஜென் தொழிற்சாலையில். ஏற்றுமதிக்கு ஸ்க்வையர் என்ற பெயரைப் போட்டார்கள். அது 1965இல் ஃபெண்டர் வாங்கிப்போட்டிருந்த ஒரு பழைய தந்திக் கம்பெனியின் பெயர். ஜேவி என்று தொடங்கும் எண் கொண்ட அந்த முதல் ஜப்பானியக் கருவிகள் இப்போது தனியாகச் சேகரிக்கப்படுகின்றன. 1985இல் சிபிஎஸ்ஸிடமிருந்து பில் ஷல்ட்ஸ் தலைமையில் ஊழியர்களும் முதலீட்டாளர்களும் ஃபெண்டரை 1 கோடியே 25 லட்சம் டாலருக்கு வாங்கியபோது ஃபுல்லர்ட்டன் தொழிற்சாலை அந்தப் பேரத்தில் வரவில்லை. கொரோனா நகரத்தில் புதுத் தொழிற்சாலை நிலைபெறும்வரை கம்பெனியைத் தாங்கிப் பிடித்தவை ஜப்பானில் செய்த கிட்டார்கள்தான். நகல் என்று இளக்காரமாகப் பார்க்கப்பட்டது மூலத்தையே காப்பாற்றிய கதை இது.

கையின் விலை

தேதியைத் தாண்டி இன்னொரு விலையும் உண்டு. யார் கையில் இருந்தது என்ற விலை.

பால் மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்க்கில் ஹாஃப்னர் வயலின் பேஸ் ஒன்றைச் சுமார் 30 பவுண்டுக்கு வாங்கினார். ஃபெண்டர் வாங்கக் கட்டுப்படியாகவில்லை. 1972இல் லண்டனில் ஒரு வேனிலிருந்து அது திருடுபோனது. 2023இல் ஒரு தேடல் முயற்சி தொடங்கி, பழைய தடயங்களைக் கிளறி, கடைசியில் ஒரு வீட்டுப் பரணிலிருந்து மீண்டது. 2024 பிப்ரவரியில் அவரிடம் திரும்பிவிட்டதாக அறிவித்தார்கள். பரணில் கிடந்த வருஷங்களில் அந்த மரம் மாறவில்லை. யாருடையது என்று நிரூபணமானதுமே அதற்கு விலையே சொல்ல முடியாமல் போனது.

இதற்கு நேர் எதிர்க் கதை ஜேம்ஸ் ஜேமர்சனுடையது. மோட்டவுன் நிறுவனத்தின் எண்ணற்ற வெற்றிப் பாடல்களுக்கு அடித்தளம் போட்டவர். 1962ஆம் வருஷ ப்ரிசிஷன் ஒன்றை ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டும் மீட்டுவார், தந்தி அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார். 1983இல் அவர் இறப்பதற்குச் சற்று முன் அந்த பேஸ் திருடுபோனது. இன்றுவரை கிடைக்கவில்லை. அது இந்நேரம் யாராவது ஒருவரின் கையில், சும்மா '1962 ப்ரிசிஷன்' என்ற விலைக்கு விற்கப்பட்டு, வாசிக்கப்பட்டுக்கொண்டும் இருக்கலாம். சொல்ல ஆளில்லாவிட்டால் கையின் விலை கரைந்துவிடுகிறது. ஜேமர்சன் அதை வாசித்தபோது, அது சில வருஷமே ஆன ஒரு வேலைக் கருவி. விண்டேஜ் இல்லை.

நான் வாங்கியது

இவ்வளவையும் படித்த பிறகு, பெங்களூரு விளம்பரம் ஒன்று கண்ணில் பட்டது. 'ஸ்க்வையர் ப்ரிசிஷன், 1980 மாடல், ஈ சீரியல், ஆல் ஒரிஜினல், 85,000 ரூபாய்.' மூன்று படம், மூன்றும் தூரத்திலிருந்து எடுத்தவை.

ஈ என்றால் எண்பதுகள் என்று விற்பவர் யாரிடமோ கேட்டிருக்கிறார். அது அமெரிக்கக் கருவிகளின் கணக்கு. ஜப்பானிலும் ஈ என்ற எழுத்தைப் பயன்படுத்தினார்கள். ஈயும் அதன்பின் ஆறு இலக்கமும் என்றால் 1984 முதல் 1987 வரை. எழுத்து ஒன்றுதான், நாடு வேறு. எண்ணைச் சுற்றி ஒரு படம் கேட்டேன். 'மேட் இன் ஜப்பான்', ஈ, ஆறு இலக்கம்.

பிறகு நான்கு விஷயம் கேட்டேன். பிக்கார்டைக் கழற்றி உள்ளே ஒரு படம். கழுத்தும் உடம்பும் சேரும் இடத்தில் ஒரு படம். கழுத்தை ஹெட்ஸ்டாக்கிலிருந்து பிரிட்ஜ் நோக்கிப் பார்த்து ஒரு படம். கடைசியாக, நாலு தந்தியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக வாசித்து ஒரு வீடியோ. கடைசியானது ரொம்ப முக்கியம். ஃபெண்டர் வகை பேஸ்களில் ஜி தந்தியின் ஐந்தாம் ஃப்ரெட்டிலிருந்து ஏழாம் ஃப்ரெட்டுக்குள் எங்கேயாவது ஓரிடத்தில் நாதம் சட்டென்று அடங்கிவிடும் வழக்கம் உண்டு. டெட் ஸ்பாட் என்பார்கள். கழுத்தின் அதிர்வு நாதத்தை விழுங்கிவிடுகிறது. எந்தப் படத்திலும் அது தெரியாது. எந்த விளம்பரத்திலும் எழுத மாட்டார்கள்.

உள்படத்தில் ஒரு பாட் பளிச்சென்று புதிதாக இருந்தது. ட்ரஸ் ராடில் இன்னும் திருக இடம் இருக்கிறதா என்று கேட்டேன், திருகிக் காட்டினார். முதல் ஐந்து ஃப்ரெட்டில் தேய்மானம் இருந்தது, ஒருமுறை சமப்படுத்தினால் போதும். டெட் ஸ்பாட் இருந்தது, லேசாக.

விலைக்கு நான் போட்ட கணக்கு இது. முதலில் வாசிப்பு விலை: இதே வேலையைச் செய்யும் ஒரு புதுக் கருவி இன்று என்ன விலை, அதில் பழுதுபார்க்கும் செலவைக் கழித்தால் எவ்வளவு. அடுத்து தேதி விலை: அந்த வருஷத்துக்காக மற்றவர்கள் கூடுதலாக என்ன கொடுத்திருக்கிறார்கள். இதற்கு விளம்பரத்தில் கேட்கும் விலையைப் பார்க்கவே கூடாது. யாரும் எதையும் கேட்கலாம். ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது, ரெவெர்ப் தளத்திலும் பழைய விற்பனை விலைகள் உண்டு. மூன்றாவது, கையின் விலை: காகிதமோ புகைப்படமோ இல்லாவிட்டால் பூஜ்யம். கதைக்குக் காசு கிடையாது.

விற்பவரிடம் எண்ணின் அர்த்தத்தையும் புது பாட்டையும் சொன்னேன். மனுஷன் சண்டைக்கு வரவில்லை. அவரும் யாரிடமோ அப்படிக் கேட்டுத்தான் வாங்கியிருக்கிறார். 62,000க்கு முடிந்தது. கழுத்தைத் தனியாகக் கழற்றி, தந்தியைத் தளர்த்தி, இரண்டு பெட்டிக்குள் வைத்து அனுப்பினார். நாலு ஸ்க்ரூ செய்யும் உபகாரம்!

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதாக இருந்தால் இன்னொரு விஷயமும் பார்க்க வேண்டும். 1960களின் நடுப்பகுதிக்கு முந்தைய ஃபெண்டர் ஃபிங்கர்போர்டுகளில் பிரேசில் ரோஸ்வுட் இருக்கும். அது 1992 முதல் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான பட்டியலில் இருப்பதால், அனுமதிக் காகிதம் இல்லாமல் எல்லை தாண்ட முடியாது. பிறகு அதன் இடத்தைப் பிடித்தது இந்திய ரோஸ்வுட், அதாவது நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரம். நாம் தோதகத்தி என்றும் சொல்வோமே, அதுதான். சேகரிப்பாளர்கள் பிரேசில் பலகைக்குக் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். 2017இல் ரோஸ்வுட் இனம் முழுவதையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். 2019 கடைசியில் செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்குக் கொடுத்தார்கள். அந்த விலக்கு பிரேசில் மரத்துக்குப் பொருந்தாது.

கடைசியாக ஒன்று. 'ஆல் ஒரிஜினல்' என்ற சொல்லுக்குப் பணம் கொடுக்கும் முன், உங்களுக்கு வேண்டியது என்ன என்று முடிவுசெய்துகொள்ளுங்கள். சேகரிக்க வேண்டும் என்றால், அந்தப் புது பாட் ஒரு குறை. நாலு சாட்சியில் ஒன்று காணாமல் போய்விட்டது, அதற்கேற்ப விலையைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். வாசிக்க வேண்டும் என்றால், கரகரக்கும் பழைய பாட்டை யாரோ முன்பே மாற்றிக்கொடுத்திருக்கிறார்கள், நமக்கு ஒரு வேலை மிச்சம். அந்தக் குறைக்காகச் சந்தை கழித்துக்கொள்ளும் தொகையில் ஃப்ரெட்டைச் சமப்படுத்தி, நல்ல தந்தி ஒரு செட்டும் வாங்கிவிடலாம். ஃபுல்லர்ட்டன் ரிப்பேர் கடைக்காரர் அந்த நாலு ஸ்க்ரூவை வைத்தது இப்படி வாங்குகிறவர்களுக்காகத்தான்.